மரக்காணம் நீருக்கு எந்தப் படகு?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தொடங்கி கோட்டக்குப்பம் வரை தங்கும் விடுதிகள் பெருகிவருகின்றன. கூடவே ஒரு கேள்வியும் பெருகிவருகிறது. "விருந்தினர்களுக்கு நீர் விளையாட்டு வைக்கலாம் என்றிருக்கிறோம். இன்போர்டு படகு வாங்குவதா, அவுட்போர்டே போதுமா, இல்லை ஜெட் ஸ்கீ வாங்கிவிடலாமா?" திண்டிவனம், விழுப்புரம் பக்கமிருந்து இப்படிக் கேட்பவர்களில் பலர், வெளிநாட்டு ஏரி ஒன்றில் பளபளக்கும் இன்போர்டு படகு ஒரு சறுக்கு வீரரை இழுத்துப் போகும் காணொளியைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தவர்கள். அந்த ஆசையில் தவறே இல்லை. ஆனால் பணத்தைக் கொட்டும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளைக் கயிற்றில் இழுக்கும் விளையாட்டுக்கு இன்போர்டை மிஞ்சிய படகு கிடையாது. ஆனால் மரக்காணம், எடையன்திட்டு பக்கத்து நீருக்கு அது சரிப்படாது. அங்கே, பின்பலகைக்கு வெளியே மாட்டும் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் பொருத்திய ஃபைபர் படகுதான் என் பரிந்துரை. ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

இன்போர்டு என்றால் என்ன என்று புரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டியதில்லை. கடலூர் துறைமுகத்திலோ புதுச்சேரி தேங்காய்த்திட்டிலோ வேலைக்காகக் கரையேற்றி நிறுத்திய விசைப்படகு ஒன்றின் அடியில் போய் நின்று பாருங்கள். எஞ்சின் படகுக்குள்ளே இருக்கும். அதிலிருந்து ஒரு இரும்புத் தண்டு சாய்வாக இறங்கி, அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். தண்டின் நுனியில் புரொப்பல்லர், அதற்குப் பின்னால் சுக்கான். அவ்வளவுதான். நீர்ச்சறுக்குப் படகிலும் இதே அமைப்புதான். உருவம் சிறியது, எஞ்சின் பெட்ரோல், வேகம் பல மடங்கு அதிகம்.

நீர்ச்சறுக்கு விளையாட்டு 1922இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞரால் தொடங்கியது. அப்போது கிடைத்த படகுகளை வைத்துத்தான் ஆடினார்கள். சறுக்குக்கென்றே வடிவமைத்த இன்போர்டுகள் பின்னால் வந்தன. கரெக்ட் கிராஃப்ட் நிறுவனத்தின் ஸ்கீ நாட்டிக் 1961இல் வந்தது. மாஸ்டர்கிராஃப்ட் 1968இல் தொடங்கியது. அவுட்போர்டு எஞ்சின்கள் எத்தனையோ முன்னேறிவிட்ட இன்றும், பெரிய சறுக்குப் போட்டிகளில் இழுப்பவை இந்தக் குடும்பத்துப் படகுகளே.

காரணம் எடை. நேரடி இன்போர்டில் எஞ்சின் படகின் நடுவில் உட்கார்ந்திருக்கும். முன்னும் பின்னும் எடை சமமாக இருப்பதால் படகு தட்டையாக ஓடும். பின்னால் எழும் அலை சிறியதாக இருக்கும். ஸ்லாலம் சறுக்குக்கு அதுதான் தேவை. ஆண்கள் மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்கள் 55 கிலோமீட்டர் வரை போகும் அந்தப் போட்டியில், இடமும் வலமுமாக ஆறு மிதவைகளைச் சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு முறையும் படகின் பின்னலையைத் தாண்ட வேண்டும். அலை உயர்ந்தால் முழங்கால் போய்விடும். கயிறு கட்டும் கம்பமும் இன்போர்டில் படகின் நடுவிலேயே நிற்கிறது. வீரர் ஒருபக்கம் சாய்ந்து இழுக்கும்போது படகின் வால் அந்தப் பக்கம் இழுபடுவதில்லை. அவுட்போர்டில் கயிறு பின்பலகையிலிருந்து போகிறது. எடை மிகுந்த ஆள் ஒருவர் ஓங்கி இழுத்தால் ஓட்டுபவர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இன்போர்டிலேயே இன்னொரு வகை வி-டிரைவ். இதில் எஞ்சினைப் பின்பக்கம் தள்ளி, முகத்தைத் திருப்பி வைத்திருப்பார்கள். தண்டு முதலில் முன்னோக்கிப் போய், கியர்ப்பெட்டியில் மடங்கி, மறுபடி பின்னோக்கி இறங்கும். எடை பின்னால் சேர்வதால் அலை பெரிதாகும். போதாததற்குத் தொட்டிகளில் நீரை நிரப்பி இன்னும் அழுத்துவார்கள். வேக்போர்டு மணிக்கு 30 முதல் 37 கிலோமீட்டர் வேகத்தில் ஆடுவது. அதற்கு இந்த அலை குதிக்கும் மேடை. வேக்சர்ஃப் மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர்தான். அதில் ஆள் எழுந்து நின்றதும் கயிற்றை விட்டுவிட்டு, படகின் பின்பலகையிலிருந்து சில அடி தூரத்தில், படகு எழுப்பும் அலை மேலேயே சறுக்கிக்கொண்டு வருவார்.

அந்தச் சில அடி தூரத்தில்தான் உயிர் இருக்கிறது. இன்போர்டில் புரொப்பல்லர் படகின் வயிற்றுக்கடியில், பின்பலகைக்கு நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. ஆள் முன்னோக்கி விழுந்தாலும் எளிதில் எட்டாது. அவுட்போர்டிலும், எஞ்சினை மட்டும் உள்ளே வைத்த ஸ்டெர்ன்டிரைவிலும் புரொப்பல்லர் பின்பலகைக்கு வெளியே சுழல்கிறது. புரொப்பல்லர் நிமிடத்துக்கு 1500 சுற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 25 சுற்று. மூன்று இதழ் என்றால் ஒரே இடத்தை நொடிக்கு 75 முறை வெட்டுகிறது. ஆகவே அவுட்போர்டு, சாதாரண ஸ்டெர்ன்டிரைவ் படகுகளுக்குப் பின்னால் வேக்சர்ஃப் ஆடவே கூடாது. வாடிக்கையாளர் எவ்வளவு கெஞ்சினாலும், எவ்வளவு பணம் நீட்டினாலும் மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். புரொப்பல்லரை முன்னோக்கித் திருப்பி, படகுக்கடியில் வைத்த ஃபார்வர்டு டிரைவ் வகையை வால்வோ பென்டா 2015இல் கொண்டுவந்தது. பின்பலகைக்கு வெளியே சுழலும் புரொப்பல்லரோடு இந்த விளையாட்டு ஆடக்கூடாது என்பதாலேயே அதற்குத் தேவை எழுந்தது.

இவ்வளவு நல்ல படகை ஏன் மரக்காணத்துக்கு வேண்டாம் என்கிறேன்? காரணம் அங்கே இருக்கும் தண்ணீர்.

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய பக்கிங்காம் கால்வாய், எடையன்திட்டு முகத்துவாரம், அதன் வழியே கடலோடு சேரும் கழுவேலி, எல்லாமே ஆழம் குறைந்த உவர்நீர். பழவேற்காட்டுக்கு அடுத்து தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர்ப் பரப்பு என்று சொல்லப்படும் கழுவேலி கோடையில் பெரும்பகுதி வற்றிவிடும். முகத்துவாரத்தில் மணல் மேடு ஒரு பருவத்தில் இருந்த இடத்தில் அடுத்த பருவத்தில் இருக்காது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு வெள்ளம் வடிந்த பிறகு, போன வருடம் படகு போன தடத்தை நம்பி யாரும் எஞ்சினை முடுக்கக்கூடாது.

இன்போர்டின் புரொப்பல்லரும் சுக்கானும் படகின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கி நிற்கின்றன. நிறுத்தி வைத்த நிலையில் இரண்டடி ஆழம் கேட்கும். ஆட்களும் நிரப்பு நீரும் ஏறினால் இன்னும் கேட்கும். மேலே தூக்க வழியில்லை. மணல் மேட்டில் தட்டினால் இதழ் வளைவதோடு முடியாது. தண்டு வளையும், அதைத் தாங்கும் கால் வளையும், தண்டு உள்ளே நுழையும் இடத்தில் கசிவு தொடங்கும். கரையேற்றி வேலை செய்தே தீர வேண்டும். அவுட்போர்டு அதே மேட்டில் தட்டினால், நீருக்குள் இறங்கும் அதன் கால் பெரும்பாலும் மேலே எகிறிக்கொள்ளும். புரொப்பல்லர் நடுவிலுள்ள ரப்பர் வழுக்கிக் கியரைக் காப்பாற்றும். ஒரு பொத்தானை அழுத்தி எஞ்சினைத் தூக்கிவிட்டு, இறங்கித் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம்.

அடுத்தது உப்பு. இன்போர்டு எஞ்சின்களில் பல வகை, வெளிநீரை நேரடியாக உறிஞ்சி எஞ்சினுக்குள் சுற்றவிட்டுக் குளிர்விப்பவை. நன்னீர் ஏரிக்கென்று செய்த அந்த எஞ்சினை உவர்நீரில் ஓட்டினால் புகைபோகும் குழாயின் உட்புறம் அரித்து, ஒருநாள் நீர் சிலிண்டருக்குள் இறங்கும். எஞ்சின் அதோடு சரி. உப்பு நீரில் இன்போர்டு வேண்டுமென்றால் வெப்பப் பரிமாற்றி வைத்த மூடிய குளிரூட்டல் கட்டாயம். நீரை உறிஞ்சும் பம்பின் ரப்பர் இறக்கையை மணல் தேய்த்துவிடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழுது பார்ப்பவர் யார் என்பதும் பெரிய கேள்வி. தண்டு, பேக்கிங், புரொப்பல்லர் வேலைக்குக் கடலூரிலும் தேங்காய்த்திட்டிலும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். விசைப்படகுகள் அத்தனையும் இன்போர்டுகள்தானே. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்களைப் பிடிப்பது கடினம். எல்லா விசைப்படகும் அப்போதுதான் கரையேறும். உங்களுக்கோ அதுதான் பள்ளி விடுமுறைக் காலம். பெட்ரோல் இன்போர்டின் மின்னணுப் பகுதி பழுதானால் உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அவுட்போர்டுக்கு அந்தக் கவலை குறைவு. மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை மீனவக் குப்பங்களில் அவுட்போர்டைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு எஞ்சின் படுத்தால் இன்னொன்றை மாட்டி அன்றே தொழில் நடத்தலாம்.

ஸ்டெர்ன்டிரைவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சின் உள்ளே, கால் வெளியே. வால்வோ பென்டா 1959இல் பிரபலப்படுத்திய அமைப்பு. ஓட்ட இதமானது; காலைச் சற்றுத் தூக்கி இறக்கவும் முடியும். ஆனால் எஞ்சினுக்கும் காலுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் படகுக்குள் நீர் புகும். காலின் அலுமினியத்தை உப்பு தின்னும். நீரிலேயே நிறுத்தினால் வேகமாகத் தின்னும். நம் கரைக்கு வேண்டாம்.

ஜெட் வேறு கதை. நியூசிலாந்தின் ஆழமற்ற கல் நிறைந்த ஆறுகளில் ஓட்டுவதற்காக பில் ஹாமில்டன் 1950களில் செம்மைப்படுத்திய நீர்ப்பீச்சு முறை இது. கவாசாகியின் ஜெட் ஸ்கீ 1973இல் வந்த பிறகு உலகக் கடற்கரைகளிலெல்லாம் பரவியது. வெளியே சுழலும் இதழ் இல்லை என்பதால் பாதுகாப்பானது என்று பெற்றோர்கள் நினைக்கிறார்கள். பாதி உண்மை. ஜெட்டுக்கு சுக்கான் கிடையாது. பீச்சும் நீரைத் திருப்பித்தான் வண்டி திரும்பும். எதிரே ஆளைப் பார்த்துப் பதறி ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் பீச்சல் நின்றுவிடும், கைப்பிடியை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகவே போகும். மோதல்களுக்கு இது முக்கியக் காரணம். பழகாத ஒருவரிடம் பத்து நிமிட வாடகைக்கு ஜெட் ஸ்கீயைக் கொடுத்துவிட்டுக் கரையில் நிற்பதை நான் ஏற்க மாட்டேன். ஓட்டுநர் உங்கள் ஆளாக இருக்கட்டும், வாடிக்கையாளர் பின்னால் உட்காரட்டும்.

பின்னால் உட்காருபவருக்கும் ஆபத்து உண்டு. சரிந்து விழும்போது பீச்சும் நீர் உடலின் கீழ்த் துவாரங்கள் வழியே பாய்ந்து உள்ளுறுப்புகளைக் கிழித்த விபத்துகள் நடந்திருக்கின்றன. அதனால்தான் தயாரிப்பாளர்கள் தடித்த வெட்சூட் கால்சட்டை அணியச் சொல்லி வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டுகிறார்கள். நம் ஊரில் சேலையோடும் துப்பட்டாவோடும் ஏற்றிவிடுகிறார்கள். துப்பட்டா நுனி நீரில் தொங்கினால் ஜெட்டின் உறிஞ்சு வாய் அதை இழுத்துக்கொள்ளும். புரொப்பல்லர் தண்டும் அப்படித்தான் சுற்றிக்கொள்ளும். மாற்று உடையை நீங்களே வைத்திருந்து, அணிந்தால்தான் ஏற்றுவோம் என்று சொல்லுங்கள்.

ஜெட் மூன்றடிக்குக் குறைந்த நீரில் மணலையும் உறிஞ்சும். அறுந்த நைலான் வலைத் துண்டும் பிளாஸ்டிக் பையும் மிதக்கும் கழிமுகத்தில் அது அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அலை உடையும் கரையைத் தாண்டி, தெளிந்த கடலில் ஓட்ட மட்டுமே ஜெட்டைச் சொல்வேன்.

இடத்தைப் பற்றி உறுதியாக ஒன்று சொல்ல வேண்டும். கழுவேலியில் எந்த எஞ்சின் படகும் வேண்டாம். 2021 டிசம்பரில் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வலசை வரும் பறவைகள் இரை தேடும் ஆழமற்ற நீரில் 60 குதிரைத்திறன் எஞ்சினை உறுமவிடும் தொழில் எனக்குத் தொழிலாகவே தெரியவில்லை. ஊசுடு ஏரிக்கும் இதே பேச்சுதான், அதுவும் சரணாலயம். தந்திராயன்குப்பம் கடற்கரையில் அலைச்சறுக்கு ஆடுகிறார்கள். அந்த நீரில் எஞ்சின் படகைக் கொண்டுபோய் விடாதீர்கள்.

வீடூர் அணையைப் பலர் கேட்கிறார்கள். சங்கராபரணியும் தொண்டியாறும் சேரும் இடத்தில் 1959இல் கட்டிய அணை. முழு உயரம் 32 அடி, கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. நன்னீர் என்பதால் காகிதத்தில் இன்போர்டுக்குப் பொருத்தமாகவே தெரியும். ஸ்லாலம் மிதவைத் தடம் 259 மீட்டர் நீளம். இருபுறமும் வேகம் எடுக்கவும் திரும்பவும் இடம் சேர்த்தால் 600 மீட்டர் நேர் நீர் வேண்டும், ஆழம் ஓர் ஆள் உயரத்துக்குக் குறையக்கூடாது. நிரம்பிய மாதங்களில் இதெல்லாம் கிடைக்கலாம். பாசனத்துக்குத் திறந்துவிட்ட பின் கரையோரம் சேறும் முள்ளும் தலைகாட்டும். அணை நீர் உழவர்களுக்கு உரியது. அதில் எண்ணெய்ப் படலம் விழக்கூடாது. நீர்வளத் துறையின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒரு துடுப்புப் படகைக்கூட இறக்காதீர்கள். ஆண்டில் சில மாதம் மட்டும் ஓடும் படகுக்கு இன்போர்டு விலை கட்டுபடியாகுமா என்பதையும் யோசியுங்கள். நீரில் இறக்கி இழுக்கத் தொடங்கினால் மணிக்கு 15 முதல் 20 லிட்டர் பெட்ரோல் குடிப்பது அதற்குச் சாதாரணம்.

முதலில் பக்கத்தில் நடக்கும் இடங்களைப் போய்ப் பாருங்கள். மரக்காணத்துக்கு வடக்கே, ஒடியூர் ஏரியை ஒட்டி முதலியார்குப்பத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் இருக்கிறது. தெற்கே புதுச்சேரி கடலூர் சாலையில் சுண்ணாம்பாறு படகு இல்லம். இரண்டும் உப்பங்கழி ஓரம் அமைந்தவை, உங்கள் நீரைப் போன்ற நீர். ஒரு வார நாள், ஒரு ஞாயிறு என்று இரண்டு முறை போய் உட்காருங்கள். எந்தப் படகு ஓடுகிறது, எது கரையில் கிடக்கிறது, ஓட்டுநர் எந்தத் தடத்தை விட்டு விலகாமல் போகிறார் என்று கவனியுங்கள். எந்த விற்பனையாளரும் சொல்லித்தராத பாடம் அங்கே கிடைக்கும்.

அவுட்போர்டு என்று முடிவு செய்துவிட்டால் மூன்று விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். முதலில் கால் நீளம். பின்பலகை 15 அங்குல உயரம் என்றால் குட்டைக் கால், 20 அங்குலம் என்றால் நீளக் கால். மாற்றி மாட்டினால் ஒன்று காற்றை உறிஞ்சிச் சுழலும், அல்லது தேவையில்லாமல் நீரை இழுத்துக்கொண்டு வரும். புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டு படகின் அடிமட்டத்தோடு சமமாக வர வேண்டும்.

இரண்டாவது பிட்ச், அதாவது புரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம். கடைக்காரர் வேகத்துக்கென்று ஒரு புரொப்பல்லர் மாட்டித் தருவார். ஐந்து பேர் உட்கார்ந்த பனானா படகை இழுக்க அது உதவாது. எஞ்சின் திணறும், வால்வு கெடும். பிட்ச் ஓர் அங்குலம் குறைத்தால் எஞ்சின் சுற்று 150 முதல் 200 வரை கூடும். முழுச் சுமையோடு முழு ஆக்சிலேட்டரில் ஓட்டிப் பாருங்கள். கையேட்டில் சொன்ன சுற்று வரும்வரை பிட்ச்சைக் குறையுங்கள். இந்தச் சோதனை ஓட்டத்தை ஆட்கள் இல்லாத நீரில், பயணிகள் இல்லாமல் செய்யுங்கள். 2024 டிசம்பர் 18 அன்று மும்பைத் துறைமுகத்தில் எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படை வேகப்படகு பயணிகள் படகின் மேல் மோதி உயிர்கள் போனதை நாடே காணொளியில் பார்த்தது.

மூன்றாவது கழுவுதல். ஒவ்வொரு நாளும் தொழில் முடிந்ததும் பத்து நிமிடமாவது நல்ல நீரை எஞ்சினுக்குள் ஓடவிட வேண்டும். கடலோரத்தில் ஆழ்குழாய்த் தண்ணீரே உப்பாக இருக்கும் இடங்கள் உண்டு. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே ஊற்றினால் பயன் கிடையாது. தொட்டி நீரைப் பயன்படுத்துங்கள். எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரையும் பலி உலோகத்திலும் கவனம் வேண்டும். கடலுக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மெக்னீசியம், உவர்நீருக்கு அலுமினியம். மரக்காணத்துக்கு அலுமினியம்தான். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், ஆழமான சொந்த நீர் இருக்கிறது, இன்போர்டுதான் வேண்டும் என்பவர்கள் பழைய படகு வாங்கும்போது அதைக் கரையேற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். புரொப்பல்லரை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். லொடலொடத்தால் தண்டைத் தாங்கும் ரப்பர் பேரிங் தேய்ந்துவிட்டது. மெதுவாகச் சுழற்றி, தண்டு எங்கேனும் இறுகுகிறதா பாருங்கள், இறுகினால் வளைந்திருக்கிறது. எஞ்சின் ஆயிலை எடுத்துப் பாருங்கள். பால் கலந்த நிறம் வந்தால் நீர் கலந்திருக்கிறது, அந்தப் படகை மறந்துவிடுங்கள். பிறகு நீரில் இறக்கி, கியர்ப்பெட்டியும் தண்டும் சேரும் இடத்தின் போல்ட்டுகளைக் கழற்றி, இரு முகங்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டு நாலு பக்கமும் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 0.08 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இதைக் கரையில் அளந்தால் தவறாகக் காட்டும். படகு மிதக்கும்போது அதன் உடல் சற்றே வளையும். பேக்கிங் வைத்த வகை என்றால் தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு நீர் கசிவது நல்லது, அதுதான் குளிர்விக்கும். நின்ற பிறகும் ஓடினால் இறுக்க வேண்டும்.

ஓட்டுவதும் பழக வேண்டிய ஒன்று. இன்போர்டு பின்னோக்கி வரும்போது சுக்கானுக்குக் கட்டுப்படாது, ஒரே பக்கமாக இழுக்கும். எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு, அந்தப் பக்கத்தைத் துறைக்குக் காட்டி அணைவதே திறமை. எஞ்சின் அறைக்குள் பெட்ரோல் ஆவி தேங்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் சாவி திருப்பும் முன் காற்றாடியை நான்கு நிமிடம் ஓடவிட வேண்டும். பெட்ரோல் நிரப்பிய உடனே முடுக்கினால் படகு தீப்பிடிக்கலாம். மெதுவாக ஓடும் படகின் பின்பலகையில் உட்கார்ந்து காலை நீரில் ஆட்டுவது எல்லோருக்கும் பிடிக்கும். அங்கேதான் கார்பன் மோனாக்சைடு தேங்குகிறது. வாடையோ நிறமோ இல்லாத அந்த வாயுவில் மயங்கி நீரில் விழுந்து இறந்தவர்கள் உண்டு. எந்த எஞ்சினாக இருந்தாலும் ஓடும்போது பின்பலகையில் ஆள் கூடாது.

நீரில் விழுந்தவரை ஏற்ற வரும்போது நியூட்ரல் போதாது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்த பிறகுதான் ஏணி இறங்க வேண்டும். ஓட்டுநரின் மணிக்கட்டில் எஞ்சினை நிறுத்தும் கயிறு எப்போதும் இருக்கட்டும். ஓட்டுநர் முன்னே பார்க்க, பின்னே பார்க்க இன்னொருவர் படகில் இல்லாமல் ஆளை இழுக்காதீர்கள். அந்த ஒருவரின் சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் இடங்களே அதிகம். கவட்டுப் பட்டை இல்லாத, கழுத்துக்கு மேல் நழுவும் உயிர்க்கவசம் குழந்தைக்கு உதவாது. அளவு பார்த்து வாங்குங்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் இன்னொரு 22 பேர். இன்ன எஞ்சின் என்பதால் நடந்தவை அல்ல அவை. படகு தாங்கும் எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றியதும் கவசம் இல்லாததும் கொன்றன.

சட்டம் இப்போது தெளிவாகவே இருக்கிறது. உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021 இயந்திரப் படகுக்குப் பதிவு, ஆய்வுச் சான்று, ஓட்டுநர் தகுதிச் சான்று, காப்பீடு எல்லாம் கேட்கிறது. மீன்பிடி ஃபைபர் படகைச் சாயம் பூசிச் சுற்றுலாப் படகாக்கும் குறுக்கு வழி வேண்டாம். ஓட்டுநரைக் கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். படகு ஓட்டவும் உயிர் காக்கவும் அங்கே பயிற்சி தருகிறார்கள். நம் குப்பத்து இளைஞர்களைவிட இந்த நீரை அறிந்தவர் யாரும் இல்லை. அவர்களையே தேர்ந்தெடுத்து, பயிற்சிச் செலவை ஏற்று, மாதச் சம்பளத்தில் வையுங்கள். சவாரிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் ஒரு நாளைக்குப் பத்து சவாரி கூடுதலாக ஓட்டத் தோன்றும், அவசரம் தானாக வரும்.

இப்போது உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். அடிக்குறி போட்ட ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு, உங்கள் இடத்து நீரில் துடுப்புப் படகில் போய், பங்குனி வெயிலிலும் கார்த்திகை மழைக்குப் பிறகும் ஐம்பது ஐம்பது அடிக்கு ஓர் இடமாக ஆழம் அளந்து தாளில் குறியுங்கள். அந்தத் தாள் கையில் இல்லாமல் எந்தப் படகுக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.